பெர்பர் மொழியியல் தேர்வு: லியோனெல் கலானின் பணிவாழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட படிப்பு முறை

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் முதுகலை படித்தபோது வட ஆப்பிரிக்க மொழிக் குடும்பமான பெர்பரின் மொழியியலை விருப்பப் பாடமாக எடுத்தேன். முதல் வாய்மொழித் தேர்வில் தோற்று, மறுதேர்வில் தேறினேன். இடையில் கிடைத்த மூன்று மாதங்களில் என் படிப்பு முறையை மாற்றியது பிரெஞ்சு அறிஞர் லியோனெல் கலானின் பணிவாழ்வு.

முதல் முறை நான் செய்த தவறு எளியது. மொரோக்கோவிலிருந்து எகிப்தின் சீவா பாலைவனச்சோலை வரையிலும், தெற்கே மாலி, நைஜர் நாடுகளின் துவாரெக் மக்கள் வரையிலும் சிதறிக் கிடக்கும் பேச்சுகளை ஒரே மொழியாக எண்ணிக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அல்ஜீரியாவின் கபில், தென்மேற்கு மொரோக்கோவின் தஷல்ஹித், துவாரெக் ஆகிய மூன்றின் எடுத்துக்காட்டுகளும் என் ஏட்டில் கலந்து கிடந்தன. "இந்த வாக்கியம் எந்த ஊர்ப் பேச்சு?" என்று தேர்வாளர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

அந்தக் கேள்வி இத்துறையில் எவ்வளவு பழையது என்பது பிறகுதான் தெரிந்தது. கலானுக்கு முந்தைய தலைமுறையில் பெர்பர் ஆய்வின் மையமாக இருந்த ஆந்த்ரே பாசே, வட அல்ஜீரியப் பேச்சுகளின் மொழி வரைபடத் தொகுதிகளை 1930களில் வெளியிட்டவர். ஊருக்கு ஊர் சொல் எப்படி மாறுகிறது என்று தேடிச் சேர்த்த பிறகே 1952இல் பெர்பர் மொழி பற்றிய பொதுநூலை எழுதினார். 1956இல் பாசே மறைந்தபின் பாரிஸ் கீழை மொழிகள் பள்ளியில் அவர் வகித்த இடத்துக்கு வந்தவர் கலான். 1920இல் பிறந்த இவர் அதற்கு முன் மொரோக்கோவில் பணியாற்றியிருந்தார். அந்த நாட்டில் கிடைத்த பழைய லிபியக் கல்வெட்டுகளை ('லிபிய' என்பது இங்கே இன்றைய நாட்டை அல்ல, வட ஆப்பிரிக்காவின் தொல்லெழுத்தைக் குறிக்கும்) தொகுத்து 1966இல் வெளியிட்டவரும் இவரே. உயிருள்ள பேச்சு, கல்லில் நின்ற எழுத்து என இரண்டிலும் கைவைத்தவர், தொடரியல் பற்றியும் தம் முடிவுகளை முன்வைத்தார் என்பது என்னை மிகவும் ஈர்த்தது.

அந்த முடிவுகளில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன், ஏனெனில் தமிழ் மாணவருக்கு அது பெரும் வசதி. கபிலில் 'அர்கஸ்' என்றால் ஆண். 'யெவ்வெத் அர்கஸ்' என்றால் 'அவன் அந்த ஆளை அடித்தான்'. 'யெவ்வெத் வெர்கஸ்' என்றால் 'அந்த ஆள் அடித்தான்'. பெயரின் தலையில் நேரும் இச்சிறு மாற்றத்தால் கிடைக்கும் இரண்டாம் வடிவத்தை இணைநிலை என்கிறார்கள். வினைக்குப் பின் எழுவாய் வரும்போதும், பெரும்பாலான முன்னிடைச்சொற்களுக்குப் பின்னும் அது தோன்றும். எழுவாய் வினைக்கு முன்னே வந்தால் பெயர் பழையபடி 'அர்கஸ்' என்றே நிற்கும். நான் இதை முதலில் எழுவாய் வேற்றுமை என்று மனப்பாடம் செய்து குழம்பினேன். கலான் வேறு விதமாகப் பார்க்கிறார்: 'யெவ்வெத்' என்ற வினையிலேயே 'அவன்' அடங்கியிருக்கிறது, பின்னால் வரும் பெயர் அந்த 'அவன்' யார் என்று விளக்க வருவது மட்டுமே. அதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் 'விளக்க நிரப்பி' எனலாம். 'அடித்தான்' என்ற ஒற்றைச் சொல்லையே முழு வாக்கியமாகப் பேசிப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். என் வகுப்பிலிருந்த ஆங்கிலம் மட்டும் அறிந்த நண்பர்கள் ஒரு வாரம் திணறினார்கள். மறுதேர்வில் இந்த இரண்டு வாக்கியங்களையே கேட்டார்கள் என்பது என் நல்லூழ்.

இத்தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஒரே ஒரு பேச்சு வழக்கைத் தேர்ந்துகொண்டு, அதன் நூறு வாக்கியங்களையாவது தாமே பிரித்துப் பார்த்த பிறகு ஒப்பீட்டுக்குப் போவது நல்லது. அல்ஜீரிய மொழியியலறிஞர் சாலெம் ஷாக்கெரும் 1983இல் வெளிவந்த தம் தொடரியல் ஆய்வுக்குக் கபிலியப் பேச்சு ஒன்றையே எடுத்துக்கொண்டார் என்பது நினைவிருக்கட்டும். பிரெஞ்சைத் தள்ளிப்போடாதீர்கள், அடிப்படை நூல்களில் பெரும்பகுதி அம்மொழியில்தான் இருக்கிறது. எழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மொரோக்கோ 2003இல் பள்ளிகளுக்குப் பெர்பருக்கே உரிய திஃபினாக் எழுத்தை ஏற்றது, கபிலை இலத்தீன் எழுத்தில் எழுதுவதே பெருவழக்கு. தேர்வுக்கு இலத்தீன் போதும், திஃபினாக்கை ஆர்வமிருந்தால் இரண்டு மாலைகளில் கற்றுக்கொள்ளலாம்.

கலானின் கட்டுரைத் தொகுப்பு 2002இல் வந்தது; 2010இல், ஏறத்தாழ 90 வயதில், இன்னொரு நூலையும் வெளியிட்டார். நான் ஆர்வக்கோளாறில் 2010ஆம் ஆண்டு நூலையே முதலில் திறந்து, இருபது பக்கத்தில் மூடிவிட்டேன். பாசேயின் 1952ஆம் ஆண்டு நூலையும், நீங்கள் தேர்ந்த வழக்கின் இலக்கணம் ஒன்றையும் முடித்துவிட்டு அதற்குள் நுழையுங்கள்.