பச்சைப்பிள்ளைக்கு வலிப்பு: எந்த நாளில் வந்தது?

நம் பக்கம் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய் வீட்டில்தான். அதனால் பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனிப்பவர் பல வீடுகளில் ஆயாவாகத்தான் (அம்மாவின் அம்மா) இருப்பார். ஆனால் பிறந்த ஒரு மாதத்துக்குள் வரும் வலிப்பு, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவதுபோல் கைகால் வெட்டி இழுக்காது. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும். பால் வேளை இல்லாதபோதும் வாய் சப்பும். கால் சைக்கிள் மிதிக்கும். சில நொடி மூச்சு நின்று உதடு நீலம் பாயும். 'பசிக்குது போல' என்று விட்டுவிடுவார்கள்.

கை ஆடினால் மெல்லப் பிடித்து மடக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் வெறும் நடுக்கம். பிடிக்குள்ளும் துடித்தால் வலிப்பாக இருக்கலாம். (நடுக்கம்தான் என்றாலும் ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும்.) தூக்கத்தில் மட்டும் வெட்டி, எழுப்பியதும் நிற்பது பெரும்பாலும் தீங்கில்லாதது. போனில் வீடியோ எடுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்துத்தான் உறுதி செய்ய முடியும் என்றாலும், அந்த வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி.

வந்த நாளே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். பிறந்ததும் அழாத பிள்ளைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தால், மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததுதான் முதல் சந்தேகம். பச்சைப்பிள்ளை வலிப்பில் மிக அதிகமான காரணமும் இதுவே. நல்ல எடையோடு தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு ஒரே கை மட்டும் துடித்தால், மூளை ரத்தக்குழாய் அடைப்பைத் தேட வேண்டும். குறைமாதப் பிள்ளைக்கு முதல் 3 நாளில் வந்தால், மூளைக்குள் ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரைக் குறைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தடுக்கக்கூடியது. எடை குறைந்த பிள்ளை, சர்க்கரை நோயுள்ள தாயின் பிள்ளை, பால் சரியாக இறங்காத பிள்ளை: இவர்களுக்கு 100 மி.லி. ரத்தத்தில் சர்க்கரை 45 மி.கி.க்குக் கீழே போனாலே கவனம் தேவை. நல்ல கைராசிக்காரர் வந்து சேனை தொட்டுவைக்கட்டும் என்று காத்திருந்து சீம்பாலைத் தள்ளிப்போடுவது இங்கே பெரிய கெடுதல். அந்த ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் எதையும் தாங்காது. வலிப்பு வந்துவிட்டால் கிலோவுக்கு 2 மி.லி. வீதம் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) நரம்பில் கொடுத்து, தொடர்ந்து டிரிப் போடுவார்கள்.

முதல் வாரக் கடைசியிலோ அதற்குப் பிறகோ வந்தால் கால்சியம் பாருங்கள். பசும்பாலில் பாஸ்பரஸ் அதிகம். அது கால்சியத்தை இறக்கிவிடும். தாய்க்கு வைட்டமின் டி குறைவாக இருந்தால் இன்னும் எளிதாக இறங்கும். மூளைக்காய்ச்சல் எந்த நாளிலும் வரலாம்; பால் குடிக்க மறுப்பதும் உடம்பு சில்லிடுவதும் அதற்கு அறிகுறி. பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போடாத பிள்ளைக்கு இரண்டு மாதத்தில்கூட மூளையில் ரத்தம் கசியும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளை இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்து, பிறகு சோர்ந்து வலிப்பு கண்டால் பிறவி வளர்சிதைக் கோளாறாக இருக்கலாம்; ரத்தத்தில் அமோனியா பார்க்கச் சொல்லுங்கள். அப்பத்தாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: அப்பாவுக்கும் பிறந்த வாரத்தில் இப்படி வந்து தானே நின்றதா? அப்படி ஒரு பரம்பரை வகை உண்டு, அது பெரும்பாலும் நல்லபடியே முடியும்.

கழுதைப்பால், சூடு போடுவது, வசம்பு உரசி ஊற்றுவது எதுவும் வேண்டாம். வலிப்பின்போது வாயில் எதையும் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

வலிப்பை நிறுத்த முதல் மருந்து இன்றும் பினோபார்பிட்டால்தான், கிலோவுக்கு 20 மி.கி. சிங்கப்பூர்ச் சொந்தக்காரர் போன் செய்து 'ஏன் பிள்ளையைக் குளிர வைக்கவில்லை?' என்பார். ஆக்சிஜன் குறைந்த பிள்ளையின் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைக்கும் சிகிச்சை அது. 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில் பலன் இல்லை, இறப்பும் கூடியிருந்தது.

பின்னாளில் பிள்ளை எப்படி வளரும் என்பதை எத்தனை முறை வெட்டியது என்பதைவிடக் காரணமே அதிகம் தீர்மானிக்கிறது. கால்சியம் குறைந்து வந்ததைச் சரிசெய்துவிட்டால் வளர்ச்சி பெரும்பாலும் இயல்புதான். ஆக்சிஜன் குறைவில் மூளையின் ஆழப்பகுதி பாதித்ததாக எம்.ஆர்.ஐ. காட்டினால் பெருமூளை வாதத்துக்கு வாய்ப்பு அதிகம். சர்க்கரைக் குறைவு பெருமூளையின் பின்பகுதியைத் தாக்குவதால் பார்வை பாதிக்கலாம். ரத்தக்குழாய் அடைப்பில் ஒரு பக்கக் கை பலவீனப்படும். ஒரு வயதுக்குள் பிள்ளை ஒரே கையையே நீட்டினால் 'இடதுகைப் பழக்கம்' என்று ரசிக்காமல் காட்டுங்கள்.

உடனடிக் காரணத்தால் வந்து நின்றுவிட்ட வலிப்புக்கு, வீட்டுக்குப் போகும் முன்பே மருந்தை நிறுத்தலாம் என்பது சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் (ILAE) 2023 வழிகாட்டுதல். நீங்களாக நிறுத்தாதீர்கள், டிஸ்சார்ஜின்போது கேளுங்கள். செவித்திறன் சோதனை, தலைச்சுற்றளவு, 4 மாதத்தில் தலை நிற்கிறதா என்பதெல்லாம் தவறாமல் பார்க்க வேண்டும். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் இதற்குக் கட்டணமில்லை.

3 முதல் 12 மாதத்துக்குள், தூங்கி எழுந்ததும் பிள்ளை திரும்பத் திரும்பத் தலையைக் கவிழ்த்துக் கையை விரித்து வெடுக்கென்று குனிந்தால், அதை வயிற்றுவலி என்று நினைக்காதீர்கள்; அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். வீடியோ எடுத்துக்கொண்டு, ஈ.ஈ.ஜி. வசதி மதுரையில்தான் என்றால் மதுரைக்கே, அன்றைக்கே கிளம்புங்கள்.