முடிச்சு இல்லாத சுங்குடி

"தம்பி, பணம் திரும்ப வரணும்னா பின் நம்பர் போடச் சொல்றாங்க. போடவா?"

செல்லூர் பெரியம்மா போனை நீட்டினார். திரையில் ₹2,999. முதலில் அழைப்பைத் துண்டித்தேன்.

முகநூல் விளம்பரத்தில் 'ஒரிஜினல் மதுரை சுங்குடி, 2 சேலை ₹499' என்று பார்த்து வாங்கியிருக்கிறார். மதுரையில் இருந்துகொண்டு ஏன் என்று கேட்காதீர்கள். முழங்கால் வலி, கடைவீதிக்குப் போக முடியவில்லை.

பார்சலைப் பிரித்ததும் துணியில் விரலை ஓட்டியிருக்கிறார். "முடிச்சே இல்லையேப்பா" என்றார்.

சுங்குடியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். அவிழ்த்த இடத்தில் புள்ளி லேசாகப் புடைத்திருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இதில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, தட்டையான அச்சு. சின்ன வயதில் முடிச்சுப் போட்ட விரல்கள், உடனே கண்டுபிடித்துவிட்டன.

ஆனால் அடுத்த வலை அந்தப் பார்சலிலேயே இருந்தது. அதில் இருந்த எண்ணுக்குப் பெரியம்மா அழைத்ததும், எடுத்தவன் 'ரீஃபண்ட்' என்று க்யூஆர் கோடு அனுப்பிவிட்டான். யுபிஐயில் பணம் நம் கணக்குக்கு வர பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் நம் பணம்தான் போகும்.

அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். கடை முகவரி இல்லை, கமெண்ட் போடவும் வழியில்லை.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து பெரியவர்கள் மறைத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

"விளக்குத்தூண் கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போறியா? தொட்டுப் பார்த்து வாங்கிக்கிறேன்" என்றார்.

நாளைக் காலை ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.