சாய்த்துக் குத்தணும்

அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தோம். கறுப்பு இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ராணுவ எண், ரேங்க், பெயர். ரேங்க் இருக்கிற இடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்துப் போயிருக்கும். சாப்பரை அழித்து நாயக், நாயக்கை அழித்து ஹவில்தார். உள்ளே 1971 போருக்காகக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் இரண்டும் ஒரு பழைய காலுறைக்குள் கிடந்தன. ரிப்பன் வெளுத்துவிட்டது, உலோகம் மட்டும் பளபளவென்று இருந்தது. அந்தப் போரில் வென்ற நாளான டிசம்பர் 16 வந்தால் துடைத்துவிட்டு, யாருக்கும் காட்டாமல் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு. 1968-ல் பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய சென்டரில் சேர்ந்தார். அங்கே எல்லோருமே ‘தம்பி’தான். பெரிய அதிகாரி வந்தாலும் தம்பி என்றுதான் கூப்பிடுவாராம். அதில் அப்பாவுக்குப் பெருமை. எழுபது வயதிலும் பழைய கூட்டாளி ஒருவர் போனில் "என்ன தம்பி" என்றால் முகம் மலர்ந்துவிடும்.

போரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். 1971-ல் பாகிஸ்தான் எல்லையில் ஷக்கர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். கண்ணிவெடி நிலத்தில் டாங்கிகளுக்கு வழி எடுத்துக் கொடுப்பது சாப்பர்களின் வேலை. ஒரே ஒரு முறை, எனக்குப் பத்து வயதிருக்கும்போது, வாசல் மணலில் செய்து காட்டினார். குப்புறப் படுத்துக்கொண்டு, உடைந்த குடைக்கம்பி ஒன்றைக் கையில் பிடித்து, மெதுவாக மண்ணுக்குள் விட்டார்.

"நேரா குத்தினா வெடியோட தலையில படும். அதான் ஆபத்து. சாய்த்துக் குத்தணும். அப்போ பக்கவாட்டுல தட்டும். தட்டினா நிறுத்திடணும். அழுத்தவே கூடாது."

அப்புறம் அரைச் சாண் தள்ளி மறுபடி. வழி சரியாகிவிட்டால் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்களாம். அன்று அவர் சட்டை முழுக்க மண். அம்மா திட்டினாள்.

பென்ஷனில் வந்தபிறகு சபையில் டீக்கன் ஆனார். இருபத்திரண்டு வருடம். வேதாகமத்தில் தமிழில் ‘உதவிக்காரர்’ என்று இருக்கிறது. டீக்கன் என்பதைவிட அந்தச் சொல்தான் அவருக்குப் பிடிக்கும். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், விதவைகளை அன்றாட விசாரிப்பில் விட்டுவிடுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோதுதானே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்? பிரசங்கம் செய்வதற்காக இல்லை, பந்திவிசாரணைக்காக. "மேடை வேலை எனக்கு இல்ல, பந்தி வேலை" என்பார். எந்தக் கைம்பெண் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் இரண்டு ஞாயிறாக ஆராதனைக்கு வரவில்லை, எல்லாம் ஒரு சின்ன நோட்டில் இருக்கும். யாரையும் போய் நேராகக் கேட்கமாட்டார். மாட்டின் காலைப் பற்றி, பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றி, ஏதாவது பேசிக்கொண்டே போய், அந்த வீட்டில் என்ன குறை என்று தெரிந்துகொண்டு வருவார். அம்மா அவசரப்பட்டால், "சாய்த்துக் குத்து" என்பார். வீட்டில் அது எங்களுக்குப் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

அவரே ஒரு தடவை நேராகக் குத்தினார்.

ஒரு ஞாயிறு காணிக்கை எண்ணும்போது கணக்கு உதைத்தது. ஒருவர் தன் கையால் போட்டதாகச் சொன்ன பெரிய நோட்டு பையில் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு போனவன் அண்ணனோடு படித்த பையன். அப்பா எல்லோர் முன்னாலும், "தம்பி, பை எங்கேயெல்லாம் போச்சு?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். ஆனால் கேட்ட குரல் ஹவில்தார் குரல். பையன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே நோட்டு கிடைத்தது. வெல்வெட் பையின் அடித்தையல் பிரிந்து, துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஏன் என்னைக் கூட்டிப்போனார் என்று இன்றுவரை புரியவில்லை. அந்த வீட்டு வாசலில் கால் சேர்த்து, கை ஒட்டி, அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றார். "தப்பு என்னுது" என்றார். வீட்டில் எங்களிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே கிடையாது (அம்மாவிடம்கூட இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு). அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து சபைக்கு முன்னாலும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் எல்லாப் பைகளையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எண்ண உட்காருவார்.

அப்பா இறந்தபிறகு அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப பென்ஷன் வேலையெல்லாம் பெரிய அலைச்சல் என்று பலர் பயமுறுத்தியிருந்தார்கள். ராணுவப் பதிவில் அம்மாவின் பெயரை ஒரு எழுத்து மாற்றி எழுதியிருந்தார்கள், ஆதாரில் வேறு மாதிரி. அதைச் சரிசெய்ய அப்பா எத்தனை கடிதம் போட்டிருக்கிறார் என்பது ஃபைலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திருத்திய தாள், பிபிஓ என்கிற பென்ஷன் ஆணையின் நகல், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, எல்லாம் வரிசையாக. மேலே அவர் கையெழுத்தில், ‘நான் போனபிறகு’. எனக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை, அண்ணன்தான் படித்தான்.

சனிக்கிழமைதோறும், ஆராதனையில் திராட்சரசம் கொடுக்கும் திருவிருந்துக் கண்ணாடிக் கிண்ணங்கள் எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு மரத்தட்டில் நாற்பது குழி, நாற்பது கிண்ணம். கழுவி, துடைத்து, ஒவ்வொன்றையும் பல்புக்கு நேராகப் பிடித்துக் கீறல் பார்ப்பார். அடக்கம் முடிந்த வாரம் தட்டு வழக்கம்போல வந்துவிட்டது. கொண்டுவந்தவர் பாவம், பழக்கதோஷம், வாசலில் வைத்துவிட்டு அழுதார். நானும் அம்மாவும் கழுவினோம். முப்பத்தொன்பதுதான் இருந்தது. இரண்டு தடவை எண்ணினோம்.

துவைக்கப் போடாமல் ஆணியில் தொங்கிய அவருடைய வெள்ளைச் சட்டையைப் பிறகு எடுத்தேன். பாக்கெட்டில் கைக்குட்டையில் சுற்றி ஒரு கிண்ணம். படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்குத் திருவிருந்து கொடுக்க, போதகரோடு அந்தக் கடைசி ஞாயிறு போயிருந்தார். அம்மா அதை வாங்கிக் கழுவினாள். பல்புக்கு நேராகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கீறல் இல்லை. தட்டில் காலியாக இருந்த குழியில் வைத்தாள்.