பழைய வீட்டைப் புதுப்பித்தபோது செலவு எங்கே குறைந்தது

திருச்சியில், திருவானைக்காவலை ஒட்டிய பகுதியில், 1986ஆம் ஆண்டில் என் மாமனார் கட்டிய வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். முன்பகுதி செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்டது. தரை முழுவதும் மொசைக், கதவும் ஜன்னலும் தேக்கு. பின்கட்டு அதற்கும் முந்தையது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவரின் மேல் மங்களூர் ஓடு வேய்ந்தது. குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரியத் தொடங்கியதும், இரும்புக் குழாய்களில் தண்ணீர் செம்மை படிந்து வரத் தொடங்கியதும், வீட்டுப் பராமரிப்பை இனியும் தள்ளிப்போட முடியாது என்றாகிவிட்டது. கையிலிருந்த சேமிப்புக்குள்ளேயே வேலையை முடித்தோம். எந்தெந்த முடிவுகளால் பணம் மிஞ்சியது, எவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

வந்து பார்த்த ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னார்கள். புதுக் கட்டடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். பழைய வீட்டில் அப்படிப் பேசினால், பழுதான அறைக்கும் நல்ல நிலையில் இருக்கும் அறைக்கும் ஒரே விலையாகிவிடுகிறது. தரை, கதவு, பூச்சு எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் செய்வதே வசதி என்ற எண்ணமும் தானாகவே வந்துவிடுகிறது. எனவே விலை பேசுவதை நிறுத்திவிட்டு, அறை அறையாக ஒரு பட்டியல் எழுதினோம். வீட்டுக்கும் அதில் வசிப்பவர்களுக்கும் ஆபத்தானவை, பயன்பாட்டுக்கு இடைஞ்சலானவை, பார்வைக்கு மட்டும் குறையாகத் தெரிபவை என்று பிரித்தபோது, மூன்றாம் வகையில்தான் மிக அதிகமான இனங்கள் சேர்ந்தன. அவற்றில் பாதியை அங்கேயே அடித்துவிட்டோம்.

பட்டியலில் முதல் வகையை மட்டும் நாங்களே தீர்மானிக்கவில்லை. ஒரு கட்டடப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து அழைத்து வந்தோம். அவர் சிறிய சுத்தியலால் கூரை முழுவதையும் தட்டிக்கொண்டே போனார். கான்கிரீட் பிடிப்போடு இருந்த இடத்தில் ஓசை இறுக்கமாகவும், உள்ளே கம்பி துருவேறிக் காரை விலகியிருந்த இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டுவதுபோலப் பொத்தலாகவும் கேட்டது. துருப்பிடித்த கம்பி பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அந்தப் பிளவு வழியாக ஈரம் மேலும் உள்ளே போகிறது. பொத்தல் ஓசை வந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் பார்த்தபோது, குளியலறைக் கூரையும் இரண்டு சன்ஷேடுகளும் மட்டுமே பழுது என்று தெரிந்தது. பொறியாளருக்குக் கொடுத்த தொகையைப் போலப் பலமடங்கை இந்த ஒரு தகவல் மிச்சப்படுத்தியது. ஏனென்றால் தளத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்று எங்களை ஏற்கெனவே பயமுறுத்தியிருந்தார்கள்.

அடுத்து, தரை. டைல்ஸ் போட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசையும்தான். மொசைக்கை உடைத்தால் உடைப்புக் கூலி, இடிசலை அள்ளி ஏற்றும் கூலி, வண்டி வாடகை, அடியில் புதுக் கலவை, அதன் பிறகுதான் டைல்ஸின் விலையும் பதிக்கும் கூலியும். உடைக்காமல் மேலேயே பசை போட்டு ஒட்டலாம் என்றாலும், தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டிவரும். எங்கள் மேஸ்திரி கூடத்தின் மூலையில் தண்ணீர் தெளித்து, ஓர் உப்புத்தாளால் உள்ளங்கையளவு இடத்தைத் தேய்த்துக் காட்டினார். "இதை உடைக்கவா போறீங்க, தம்பி? இந்தச் சிப்ஸ் இப்ப தேடினாலும் கிடைக்காது" என்றார். தேய்த்த இடத்தில் பச்சையும் வெள்ளையுமான கல் சில்லுகள் முதல் நாள் போலத் தெரிந்தன. மெருகேற்றுவதென்று முடிவு செய்தோம். இயந்திரத்தில் முதலில் 60ஆம் எண் தேய்ப்புக் கல் (எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்), பிறகு குழிகளை நிறம் சேர்த்த சிமெண்டுக் குழம்பால் அடைத்துச் சில நாள் ஈரத்தில் வைத்து, 120, அதன்பின் 320 என்று படிப்படியாகத் தேய்த்து, இறுதியில் ஆக்சாலிக் அமிலத்தால் பளபளப்பேற்றி முடித்தார்கள். புது டைல்ஸுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தேய்க்கும்போது வரும் சாந்துக் கழிவைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால் அது உள்ளேயே இறுகிவிடும் என்பதால், வாளிகளில் அள்ளித் தெளியவைத்துக் கொட்டச் சொன்னோம். சுவரெல்லாம் தெறிக்கும் வேலை இது. பெயிண்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தேக்குக் கதவுகளையும் மாற்றவில்லை. பல தடவை அடித்த எனாமல் பெயிண்டை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கிச் சுரண்டி எடுக்கும் வேலையை, விடுமுறை நாட்களில் நாங்களும் பிள்ளைகளுமாகவே செய்தோம். கீல்களை மாற்றி, அடிப்பகுதியில் உளுத்துப்போன ஒரு சட்டத்தை மட்டும் தச்சர் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். இன்று அந்த அகலத்தில், அந்தக் கனத்தில் தேக்கு வாங்குவது எங்களால் ஆகாத காரியம்.

சிக்கனம் பார்க்காத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கூரையில் பெயர்ந்த இடத்தைச் சுரண்டிப் பூசி மறைக்கவில்லை. பழுதான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பித் தூரிகையால் துருவை முழுவதும் நீக்கி, துத்தநாகப் பூச்சு கொடுத்து, மிகவும் மெலிந்துபோன கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பினார்கள். குழாய்களை முழுவதுமாக மாற்றினோம். வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், குளிர்நீருக்கு யுபிவிசி பிளாஸ்டிக் குழாய். மின்வயரையும் முழுவதும் புதிதாக இழுத்தோம்: விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குகளுக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் புது எர்த்தும் போட்டோம். இவற்றில் மலிவான பொருளை வாங்கினால், பழுது வரும்போது புதுப் பூச்சையும் டைல்ஸையும் உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால், சுவருக்குள் போவது எதுவோ அதில் நல்லதை வாங்குவது என்பதை விதியாக வைத்துக்கொண்டோம். சுவருக்கு வெளியே தெரியும் குழாய் முனை, சுவிட்சுப் பலகை போன்றவற்றில் நடுத்தரமானதே போதும். அவற்றை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம்.

கூலியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கொத்தனாரிடமோ சித்தாளிடமோ நாள் கூலியில் ஐம்பது நூறு குறைத்துப் பேசுவதில் நியாயமும் இல்லை, லாபமும் இல்லை. வெயிலில் சாந்துச் சட்டி தூக்கும் பெண்ணின் கூலியைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. கூலிச் செலவு ஏறுவது, வந்த ஆட்கள் வேலையின்றி நிற்கும் நேரத்தால்தான். சிமெண்டு மூட்டை பத்தரை மணிக்கு வந்தால் வந்த நான்கு பேரின் காலைப் பொழுதில் பாதி போய்விடுகிறது. அதனால் மறுநாள் வேலைக்கான பொருள் முதல்நாள் மாலையே வாசலில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். மணலை முந்தைய இரவே சலித்து வைத்தோம். பூச்சுக்குத் தண்ணீர் விடும் வேலையைக் காலையிலும் மாலையிலும் நாங்களே செய்தோம். மின்பணியாளரும் பிளம்பரும் சுவரில் காடி வெட்டி முடித்த பிறகே பூச்சுக்காரர் வரும்படி வரிசை அமைத்தோம். சுவிட்சு, விளக்கு, குழாய் வரும் இடங்களைக் குடும்பத்தோடு நின்று சாக்பீஸால் குறித்துவிட்டோம். பூசியபின் "இங்கே ஒரு பாயிண்ட் வேண்டும்" என்று சொல்வதுதான் புதுப்பிப்பு வேலையில் மிக விலையுயர்ந்த வாக்கியம்.

எதை நாள் கூலிக்கு விடுவது, எதைக் குத்தகைக்கு விடுவது என்பதையும் பிரித்தோம். பூச்சு, பெயிண்டு, டைல்ஸ், மின்பாயிண்டு போல முன்கூட்டியே அளக்க முடிந்தவற்றைப் பொருள் எங்களுடையது, கூலி அவர்களுடையது என்று அளவுக் கணக்கில் பேசினோம். உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் வேலைகளை, அதாவது கூரைப் பழுது, பின்கட்டுச் சுவர், பழைய கழிவுக் குழாய் ஆகியவற்றை, நாள் கூலிக்கு விட்டோம். இத்தகைய வேலையைக் குத்தகைக்குக் கொடுத்தால், அவசரத்தில் பழுது உள்ளேயே மூடப்பட்டுவிடும் அபாயம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கூலியை முழுவதுமாகக் கொடுத்தோம். குத்தகைத் தொகையில் மட்டும் பத்தில் ஒரு பங்கை, ஒரு மழையைப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசி எழுதி வைத்தோம்.

வேலை தொடங்கிய மாதமும் எங்களுக்கு உதவியது. ஆடியில் புது வீட்டுக்குப் பூஜை போடுவதில்லை. அதனால் நல்ல மேஸ்திரிகள் அந்தச் சமயத்தில் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். பழுது பார்ப்பதற்கு முகூர்த்தம் தேவையில்லை. தை, சித்திரையில் கெஞ்சினாலும் கிடைக்காதவர் ஆடியில் நிதானமாக வந்து பார்த்து, பேசி, முழுநேரமும் எங்கள் வீட்டிலேயே இருந்து வேலை செய்தார். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் மொட்டைமாடியை முடித்துவிடலாம் என்ற வசதியும் இதில் இருந்தது.

பொருள் வாங்குவதில், விலையைவிட அளவில்தான் பணம் கசிகிறது. எம்-சாண்டில், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணலில், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உட்புற நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். உயரத்தை மட்டும் நாலைந்து இடங்களில் கம்பியைச் செருகிப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மணல் ஈரமாக இருந்தால், துகள்களுக்கிடையே நிற்கும் நீர்ப்படலத்தால் அது உப்பி நிற்கும். நுண்ணிய பூச்சு மணலில் இந்த உப்பல் கால் பங்கையும் தாண்டக்கூடும். ஆகவே கன அடிக் கணக்கில் ஈரமணல் வாங்குவது, வாங்காத மணலுக்கும் பணம் கொடுப்பதாகும். டைல்ஸிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. இரண்டுக்கு இரண்டு என்று சொல்லப்படும் டைல்ஸின் உண்மை அளவு 600 மி.மீ.; நான்கு கல் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. அதை 16 என்று போட்டு விலை சொன்னால், இருபது பெட்டிக்குப் பத்து சதுர அடி கையை விட்டுப் போகிறது. பின்கட்டுச் சமையலறைக்கு வாங்கியபோது பெட்டியில் அச்சிட்டிருந்த சதுர மீட்டரைக் காட்டித்தான் விலை பேசினோம்.

சிமெண்டை ஒரேயடியாக வாங்கிக் குவிக்கவில்லை. மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பார்த்து, அந்தந்த வாரத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்தோம். மழைக்காலக் காற்றில் கிடந்த சிமெண்டு கட்டிதட்டி வலுவிழந்துவிடும். பிரிக்காத வயர்ச் சுருளையும் டைல்ஸ் பெட்டியையும் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கடையில்தான், விலை சற்று அதிகமாக இருந்தும், வாங்கினோம். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாகச் சில இடங்களில் சொன்னார்கள். திருப்பிக் கொடுக்கவும் உத்தரவாதம் கேட்கவும் பில்தான் ஆதாரம் என்பதால் அதற்கு உடன்படவில்லை. இப்போது தொடங்குபவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது: சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது.

இடித்ததிலும் பணம் இருந்தது. பின்கட்டில் ஒரு குறுக்குச் சுவரை எடுத்தபோது, சுண்ணாம்புக் காரை கொத்துக்கரண்டியின் முனை பட்டதும் உதிர்ந்து, செங்கற்கள் முழுசாகக் கழன்று வந்தன. சிமெண்டுச் சாந்தில் கட்டியிருந்தால் அவை உடைந்துதான் வந்திருக்கும். நல்ல கற்களைச் சமையல் மேடைக்கும் துணி துவைக்கும் திண்ணைக்கும் வைத்துக்கொண்டோம். நன்றாக வெந்த, ஆனால் உடைந்த கற்களை ஜல்லியாக உடைத்து, மொட்டைமாடியில் தளர்ந்திருந்த பகுதிக்குச் சுண்ணாம்போடு சேர்த்து, சுருக்கி எனப்படும் வெயிலும் மழையும் தாங்கும் மேலடுக்கைப் போட்டோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கும் முறை எங்கள் மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது நல்வாய்ப்பு. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுத்து, மேலே தட்டோடு பதித்து, நீர்ப்போக்கியை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துச் சோதித்தோம். பழைய இரும்புக் குழாயையும் வயரையும் எடைக்குப் போட்ட பணம் பிளம்பரின் கூலியில் ஒரு பகுதிக்கு ஆயிற்று.

பெயிண்டில், எல்லாச் சுவருக்கும் பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பார்க்க வேண்டும் என்ற யோசனையை ஏற்கவில்லை. கூடத்துக்கு மட்டும் பட்டி. மற்ற அறைகளுக்கு பிரைமரும் இரண்டு கை எமல்ஷனும். பின்கட்டின் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சோ பிளாஸ்டிக் பெயிண்டோ கூடாது; உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துப் பொரிந்து விழும். அங்கே சுண்ணாம்புதான் அடித்தோம். அதுவே எல்லாவற்றிலும் மலிவானதாகவும் இருந்தது.

கார்த்திகையில் நல்ல மழை பெய்தபோது ஒரு சன்ஷேடின் ஓரத்தில் மெல்லிய கசிவு தெரிந்தது. மேஸ்திரியே வந்து அதைச் சரிசெய்து, நிறுத்திவைத்திருந்த பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். புதுப்பிக்கப் போகிறவர்கள் பூச்சு தொடங்கும் முன் இதையும் செய்துவிட வேண்டும்: குழாயும் வயரும் போகும் ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவுநாடாவைப் பிடித்தபடி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் அலமாரி மாட்ட வந்தவர் எங்கே துளையிடலாம் என்று கேட்டபோது, அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இடம் காட்டினேன்.