புளியமரம் தூங்குமா?

சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது மகள் கேட்டாள்: "அப்பா, இந்த மரம் ஏன் இலையை மூடிக்கிச்சு?"

பக்கத்து வீட்டுப் புளியமரம். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், கவனித்ததே இல்லை. சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம், ராத்திரி அதன் அடியில் போகாதே, பேய் இருக்கும் என்பதுதான்.

"வெயில் போச்சுல்ல, அதான்" என்று சமாளித்தேன்.

"அப்ப இருட்டுல வெச்சா பகல்லயும் மூடிக்குமா?"

மாட்டிக்கொண்டேன். சரி என்று, புளியமரம் போலவே ராத்திரியில் இலையை மூடிக்கொள்ளும் தொட்டாற்சிணுங்கித் தொட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்து டார்ச் அடிக்கும் அவசரத்தில் என் கை பட்டு மொத்தமும் சுருங்கிவிட்டது. அவள் முறைத்தாள். அதற்கடுத்த நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தோம். கும்மிருட்டிலும் இலைகள் விரிந்திருந்தன!

இதே சோதனையை 1729இல் பிரான்சில் தெ மைரான் என்ற வானியலாளர் செய்திருக்கிறார். செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இலையடியில் இருக்கும் சின்னப் புடைப்பில், ஒரு பக்கச் செல்களில் தண்ணீர் ஏறி மறுபக்கம் இறங்க, இலை மடங்குகிறது, விரிகிறது. நம் உடம்பிலும் கடிகாரம் உண்டு. அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல்.

இப்போது அவளுடைய அடுத்த சந்தேகம், ஒரு வாரம் உள்ளேயே வைத்தால் செடிக்கு மணி தப்புமா என்பது. செடி பாவம் என்று அலமாரிச் சாவியை அவள் அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள்.