மூளைக் கட்டிக்குப் பிறகு ரத்தத்தையும் பார்க்க வேண்டும்

என் அக்காவுக்கு மூளையில் வந்தது ஆலிகோடென்ட்ரோகிளியோமா என்னும் மெல்ல வளரும் கட்டி. அறுவை சிகிச்சை, ரேடியேஷன், பி.சி.வி. என்னும் மூன்று மருந்துகள் சேர்ந்த கீமோ எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எம்.ஆர்.ஐ. எடுக்கும் நாளில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ரத்தப் பரிசோதனைத் தாளையோ யாரும் மறுமுறை புரட்டுவதில்லை. அதற்கும் அதே கவனம் வேண்டும் என்பது என் கருத்து.

பி.சி.வி.யில் உள்ள புரோகார்பசினும் லோமஸ்டினும், இன்று பரவலாகத் தரப்படும் டெமோசோலமைடும் ஆல்கைலேட்டிங் வகை மருந்துகள். கட்டியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும்போதே இவை எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்களையும் தாக்குகின்றன. பழுதோடு தப்பிய ஓர் அணு பெருகி, பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளுக்குப் பிறகு, மைலோடிஸ்பிளாசியாவாகவோ (மஜ்ஜை நல்ல ரத்த அணுக்களைச் சரிவர உருவாக்காத நோய்) ரத்தப் புற்றுநோயாகவோ மாறக்கூடும். அப்போது 5 அல்லது 7-ஆவது குரோமோசோமில் இழப்பு காணப்படுவது வழக்கம். குழந்தைகளின் மூளைக் கட்டிகள் சிலவற்றுக்குத் தரப்படும் எட்டோபோசைடு வேறு வகை. அதனால் வரும் ரத்தப் புற்றுநோய் 2, 3 ஆண்டுகளிலேயே தலைகாட்டலாம்.

இது அரிதாகவே நேர்கிறது. அதற்கு அஞ்சி கீமோவை மறுப்பது பேதைமை. மெல்ல வளரும் கிளியோமா (அக்காவின் கட்டியும் இந்த வகைதான்) உள்ளவர்களில் அபாயம் கூடிய பிரிவினரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது: ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம், 7.8 ஆண்டுகள், பி.சி.வி.யும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.3 ஆண்டுகள். இரண்டாவது புற்றுநோயைப் பற்றிய கவலையே இப்படிக் கிடைத்த ஆயுளால் வருவதுதான்.

அக்காவின் தாளில் ஒருமுறை எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 103 என்று இயல்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஹீமோகுளோபின் ஓரளவு சரியாகவே இருந்ததால் எவர் கண்ணிலும் அது படவில்லை. மைலோடிஸ்பிளாசியாவிலும் அணுக்கள் இப்படிப் பெருத்துக் காணப்படுவதுண்டு. ஆனால் எங்கள் வீடு சைவம். சைவ உணவில் எளிதில் குறையும் வைட்டமின் பி12 குறைந்தாலும் அணுக்கள் இப்படிப் பெருக்கும். அதைப் பார்த்ததில் குறைவு தெரிந்தது, ஊசி போட்ட சில மாதங்களில் எம்.சி.வி. இறங்கிவிட்டது. இறங்காமல், தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைந்துகொண்டே போயிருந்தால் மஜ்ஜைப் பரிசோதனைதான் அடுத்த படி.

அந்தப் பரிசோதனையிலும், பழைய மருந்தின் விளைவா, தானாக வந்ததா என்பதை நுண்ணோக்கி மட்டும் பிரித்துச் சொல்லிவிடாது. நோயாளி முன்பு பெற்ற சிகிச்சையின் விவரம் வேண்டும். அதனால்தான் மருந்துகளின் பெயர், சுற்றுகள், மொத்த அளவு, கடைசித் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கமாக வைத்திருக்கிறோம்; சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும் அக்கா அதைத்தான் முதலில் நீட்டுகிறாள்.