முந்நூறு பிரதி இதழை நடத்தலாமா, நிறுத்தலாமா?

தாமிரபரணிக் கால்வாய்கள், அம்பாசமுத்திரம் வட்டாரத்து வட்டெழுத்துக் (பழைய தமிழ் எழுத்துமுறை) கல்வெட்டுகள் என்று குறுகிய பொருளில் காலாண்டிதழ் நடத்துகிறவர்களுக்குச் சில வருஷத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். சந்தா முந்நூறைத் தாண்டாது. அந்தத் துறைக்கே அவ்வளவு ஆள்தான் என்பதால் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது. பக்கங்களை யார் நிரப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கடைசி நான்கு இதழ்களை எடுத்து, ஆசிரியரும் அவருடைய புனைபெயர்களும் எழுதியதைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். (மூன்று புனைபெயர் வைத்திருப்பவர் தனக்குத்தானே வாசகர் கடிதமும் எழுதியிருப்பார்.) பாதிக்குமேல் வெளியார் எழுத்து இருந்தால் தாராளமாக நடத்தலாம். மடைக்கல்லில் (கால்வாய் மதகுக் கல்லில்) உள்ள குறியைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்று கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் போடும் தபால் பத்துப் புதுச் சந்தாவுக்குச் சமம். இந்த மாதிரி இதழில் அவர்தான் அடுத்த கட்டுரையாளர். ஒரு திருத்தம்கூட வராமல் ஓராண்டு ஓடினால் கவலைப்படத்தான் வேண்டும்.

பணக் கணக்கு இதற்கு அடுத்ததுதான். டெமி எட்டில் ஒன்று அளவில், அதாவது டெமி தாளை எட்டு ஏடாக மடித்தால், 16 பக்கம் ஒரு பாரம். 64 பக்கத்துக்கு நாலு பாரம். 300 பிரதிக்கு 1,200 டெமி தாள், பாரத்துக்கு 50 தாள் கழிவு சேர்த்தால் 1,400, மூன்று ரீமுக்குள் (ரீமுக்கு 500 தாள்) அடங்கிவிடும். உள்பக்கத்துக்கு எட்டு பிளேட் (அச்சுத் தகடு), வண்ண அட்டைக்கு நாலு பிளேட், மிஷின் கூலி ஆகியவை 300 பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் அச்சகத்தில், “இன்னும் இருநூறு சேத்து அடிச்சிருங்க, தாள் காசுதான” என்பார்கள். அந்த இருநூறும் கட்டிலுக்கடியில் கரையானுக்குப் போகும். சந்தாவுக்குமேல் முப்பது நாற்பது போதும். டிஜிட்டல் அச்சில் பிளேட் செலவு கிடையாது. ஆனால் கல்வெட்டு மைப்படியின் (கல்லில் தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் படி) கறுப்பு திட்டுத்திட்டாக விழக்கூடும், மாதிரிப் பக்கம் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. ஆஃப்செட்டிலும் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் (வழக்கமான அச்சுத் தாள்) மைப்படி பின்பக்கம் தெரியும். படப் பக்கங்களை மட்டும் ஆர்ட் தாளில் தனியாக அடித்து நடுவில் வைப்பது நல்லது.

தபால்தான் கழுத்தைப் பிடிக்கிறது. 1898 அஞ்சல் சட்டப்படி செய்தித்தாள் சலுகைக் கட்டணம், 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வரும் ஏடுகளுக்கே கிடைத்தது. காலாண்டிதழ் அதில் சேராது. குறைந்த கட்டணத்தில் கைகொடுத்து வந்த புத்தக அஞ்சலும் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. மேலட்டையோடு 64 பக்க இதழ் 80 முதல் 85 கிராம் இருக்கும்; அந்த எடைக்குச் சலுகை இல்லாமல்தான் தபால் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே மூடுவதற்கு முன் ஒருமுறை அரையாண்டிதழாக்கிப் பாருங்கள். அட்டைச் செலவும் உறை ஒட்டும் வேலையும் பாதியாகும், தபால் செலவும் குறையும், கட்டுரை சேரவும் அவகாசம் கிடைக்கும். சந்தா அப்போதும் புதுப்பிக்கப்படாவிட்டால் காரணம் கட்டணம் அல்ல.

நெல்லையில் 1920இல் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1923 முதல் ‘செந்தமிழ்ச் செல்வி’ இதழை நடத்தியது. அதன் பின்னால் புத்தகம் விற்கும் பதிப்பகம் ஒன்று இருந்தது. தனியாள் நடத்தும் இதழை அதோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்வது வீண்.

ஆயுள் சந்தா வாங்கியிருந்தால் அந்தத் தொகை வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். அதை எடுத்து அச்சுக்கூலி கொடுத்தவர்களால் நடத்தவும் முடிவதில்லை, நிறுத்தவும் முடிவதில்லை.

நிறுத்துவதென்றால் ஓர் இதழுக்கு முன்பே அறிவித்துவிட்டு, மீதிச் சந்தாவை மணியார்டரிலோ யூபிஐயிலோ திருப்பி அனுப்புங்கள். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் முழுத் தொகுப்பு ஒவ்வொன்று போகட்டும். கடைசி இதழில் கட்டுரை குறைந்தாலும் பரவாயில்லை; ஊர்ப்பெயர், கால்வாய், மன்னர் வாரியாக எல்லா இதழ்களுக்கும் ஒரு பொருளடைவு போடுங்கள். அதற்கு ஒரு பாரம் போதும்.